கேட்காத காதுக்கு ஒரு சிடி பிளேயர்

இடது பக்கம் யாரோ மூச்சை உள்ளிழுத்த சத்தம் கேட்டுக் கணக்கர் திரும்பிப் பார்த்தார். திரும்பிய பிறகுதான், தமக்கு இடது காது கேட்காது என்பது நினைவுக்கு வந்தது.

அங்கே ஆள் யாரும் இல்லை. உயிர்போன டிவிப் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. குழல்விளக்கின் வெளிச்சத்தில், அந்தக் கண்ணாடிகள் ஒவ்வொன்றிலும் ஒரு கணக்கர் திரும்பி நின்றுகொண்டிருந்தார். பழைய சாமான் கடைக்காரர் வலது பக்கத்தில், கல்லாவுக்குப் பின்னால், ஸ்க்ரூ டிரைவரால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார்.

“என்ன சார், பூனையா?” என்றார் கடைக்காரர். “உள்ள ஒண்ணு குட்டி போட்டு வெச்சிருக்கு.”

“இல்ல. ஒண்ணுமில்ல.”

சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது. இறங்கும்போது இடது காதையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. அன்றுமுதல் உலகம் அவருக்கு வலது பக்கத்தில்தான் இருந்தது. யாரோடு நடந்தாலும் அவர்களை வலப்பக்கம் விட்டுக்கொள்வார். அலுவலகத்தில் மேசையை இடது தோள் சுவரை உரசும்படி போட்டிருந்தார். “ரகசியம் சொல்லணுமா, நம்ம கணக்கரோட இடது காதுல சொல்லு, பேங்க் லாக்கர் மாதிரி, வெளிய வரவே வராது” என்று உடன் வேலை செய்பவர்கள் கேலி பேசுவார்கள். அந்தக் கேலியும் அவருக்கு வலது காது வழியாகத்தான் வந்து சேரும்.

இப்போது அந்த வலது காதும் போய்க்கொண்டிருந்தது. காது நரம்பின் தேய்வு, மெதுவாகத்தான் போகும், ஆனால் போனது திரும்பாது என்று காது டாக்டர் சொல்லிவிட்டார். எழுந்து வரும்போது, “என்னென்ன கேக்கணும்னு ஆசையோ, தள்ளிப் போடாம கேட்டுக்குங்க” என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் கணக்கர் அலமாரியைத் திறந்து, ஆசை ஆசையாகச் சேர்த்துவைத்த சிடிகளை எடுத்துத் துடைத்தார். பழைய பிளேயரில் போட்டார். அது சிடியை விழுங்கி, சுற்றி, யோசித்து, சிடியே இல்லை என்று கைவிரித்துவிட்டது. ஆம்ப்ளிஃபயர் நன்றாக இருந்தது. ஸ்பீக்கர்கள் இரண்டும் நன்றாக இருந்தன. பிளேயர் மட்டும்தான் வேண்டும். புதிது வாங்க வசதியில்லை. பழையது ஒன்று, நம்பகமானதாக, கையைக் கடிக்காததாக.

எதையும் முறையாகச் செய்கிறவர் அவர். அதனால் பையில் சொந்தமாக மூன்று சிடிகள் கொண்டுவந்திருந்தார். கீறல் விழாதது ஒன்று. வேண்டுமென்றே கீறிவைத்தது ஒன்று. லென்ஸுக்கு வயதாகிவிட்டால் கீறலில் தடுக்கி விழும். மூன்றாவது, ஒற்றைப் புல்லாங்குழல். வாசிக்கிறவர் நிறுத்தி நிறுத்தி வாசிப்பார். அந்த நிறுத்தங்களில் மோட்டாரின் முனகல் கேட்டால் அந்தப் பிளேயர் வேண்டாம்.

கடையில் பிளேயர்களும் மூன்று இருந்தன.

“கருப்ப எடுத்துக்குங்க சார். ரிமோட் இல்ல, அவ்ளோதான். எந்திரிச்சுப் போயி அமுக்குனா உடம்புக்கு நல்லது.”

கருப்பு, கீறலில் தடுக்கியது. வெள்ளி நிறத்தில் மெலிதாக இருந்தது எல்லாச் சோதனையிலும் தேறியது. கடைசிப் பாட்டுக்குப் போ என்றால் கண்மூடித் திறப்பதற்குள் போனது. விலையும் ஒத்துவந்தது. மனதுக்குள் முடிவாகிவிட்டது. இருந்தாலும் ஒன்றைப் பார்க்காமல் விட்டால் அவருக்கு இரவில் தூக்கம் வராது. எனவே மூன்றாவதையும் பார்த்தார்.

மேசைமேல் அதை ஏற்றவே கடைக்காரர் இரண்டு கையையும் கொடுக்கவேண்டியிருந்தது. முகப்பு பழுப்பேறியிருந்தது. கம்பெனிப் பெயர் இருந்த இடத்தில் பசை காய்ந்த தடம். பொத்தானை அமுக்கியதும் சிடித் தட்டு, தூங்குகிறவன் நாக்கை நீட்டுவதுபோல மெல்ல வெளியே வந்தது. உள்ளேயிருந்து நெடுநாள் பூட்டிய அறையின் வாடை. கீறல் சிடியில் இரண்டு இடத்தில் தடுக்கியது. மோட்டார் முனகியது. வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டு, வழக்கத்துக்காகப் புல்லாங்குழலையும் போட்டார்.

முதல் நிறுத்தத்தில்தான் அந்த மூச்சு.

அவர் திரும்பவும் முதலிலிருந்து போட்டார். வலது காதில் குழல். குழல் நின்றது. இடது காதில், இத்தனை காலம் கல்லாகக் கிடந்த அந்தக் காதில், குளிர்ந்த நூல் ஒன்று நுழைவதுபோல, ஒரு மூச்சு. கடை ஆம்ப்பின் பின்னால் கைவிட்டு இடது ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கினார். மறுபடியும் போட்டார். குழல் வலது ஸ்பீக்கரிலிருந்து வந்தது. மூச்சு இடது பக்கத்திலிருந்து வந்தது.

“இது எங்கேருந்து வந்துச்சு?” அவர் குரல் நடுங்கியது. பயத்தினால் அல்ல.

“ஒரு வீடு காலி பண்ணுன சாமானோட வந்துச்சு. ஒருத்தரு வாங்கிட்டுப் போயி திருப்பிக் கொண்டாந்தாரு சார். என்ன குறைன்னு கேட்டேன், பதிலே இல்ல. நானும் தொண்டை கிழியக் கத்துறேன், மனுஷன் என் வாயையே பாத்துட்டு நிக்கிறாரு. காசக்கூட வாங்காமப் போயிட்டாரு. பணக்காரக் கிறுக்கு போல.” கடைக்காரர் சிரித்தார். “உங்களுக்குன்னா இன்னும் கொறச்சே தரேன். ஆனா அந்த வெள்ளிதான் சார் நல்லது. நானே சொல்றேன்.”

நல்லது வெள்ளிதான். அவருடைய கண் அப்படித்தான் சொன்னது, கை அப்படித்தான் சொன்னது, வலது காதும் அப்படித்தான் சொன்னது.

“இதக் கட்டுங்க” என்றார்.

*

அவர் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். முன்னறைச் சன்னலோரம் தையல் மிஷின். வாயில் எந்நேரமும் குண்டூசிகள். ஊசிகளைக் கவ்வியபடியே அவள் பேசும் பேச்சு ஊருக்கு விளங்காது, அவருக்கு விளங்கும்.

“இது என்னங்க? பாறாங்கல்லுக்கு ஒயர் மாட்டி உங்க தலையில கட்டிட்டானா?”

“கேட்டுட்டுப் பேசு.”

“ஒரு காதுக்கு எதுக்கு ரெண்டு ஸ்பீக்கர்னு நான் அன்னைலேருந்து கேக்குறேன். ஒண்ண வித்தா ஒரு மிக்ஸியாவது வாங்கலாம்.”

உள்ளறையில் அவருடைய நாற்காலி இருந்தது. அலுவலகத்தில்போலவே இங்கேயும் அதன் இடது கை சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும். நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு செய்தித்தாளைச் செருகலாம், அதற்குமேல் இடமில்லை. அதில் உட்கார்ந்து, விளக்கேற்றும் நேரத்து மங்கலில், நிறைய வயலின்கள் சேர்ந்து வாசிக்கும் ஒரு சிடியைப் போட்டார்.

பிறகு நடந்ததை அவரால் மனைவியிடம் சொல்லவே முடியவில்லை. இத்தனை காலமும் சங்கீதம் அவருக்குச் சுவரில் மாட்டிய ஒரு படம். இப்போது அந்தப் படத்துக்குள் கதவு திறந்துவிட்டது. இடதுபுறம் ஒரு வரிசை, வலதுபுறம் ஒரு வரிசை, நடுவே ஆழம், அந்த ஆழத்தில் எங்கோ ஒருவர் தாளைத் திருப்புகிற சத்தம், வில்லில் பிசின் உரசும் கரகரப்பு. பக்கவாட்டிலிருந்து, பின்னாலிருந்து, எல்லாத் திசையும் கொண்ட உலகம். அவர் கன்னத்தில் வழிந்ததை மனைவி தன் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

“கேக்குதும்மா. இதுல கேக்குது.”

அவள் வாயிலிருந்து ஊசிகளை எடுத்துவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டு, அவர் இடது காதருகில் குனிந்து உதட்டைக் கையால் மறைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். காது மடலில் சூடு மட்டும் பட்டது.

“என்ன சொன்னேன்?”

“நீ சொல்லவே இல்லையே.”

“உங்க அக்காவப் பத்தி மனசுல கெடந்தத எல்லாம் கொட்டிட்டேன். நல்லவேளை, கேக்கல.” சிரித்தாள். பிறகு சிரிப்பு மெல்ல வடிந்தது. “அப்ப அந்தப் பொட்டி சொன்னா மட்டும்தான் கேக்குமா?”

அவர் எட்டிப் பாட்டை மறுபடி போட்டார்.

தினமும் அலுவலகம் விட்டு வந்ததும் கேட்டார். சில நாள் கழித்துத்தான், வயலின்களுக்கும் பின்னால், யாரோ நாற்காலியை நகர்த்துவது தெரிந்தது. பதிவு செய்த கூடத்தில் யாராவது இருந்திருப்பார்கள் என்று விட்டுவிட்டார். மறுநாள் வேறொரு சிடி. பியானோ மட்டும். வேறு ஊரில், வேறு காலத்தில் பதிவானது. அதிலும் அந்த நாற்காலி நகர்ந்தது. புல்லாங்குழலில் மூச்சு. பியானோவில் மூச்சு. ஒரு பாட்டுக்காரியின் சிடியில், அவள் பாடத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், அவளுடையதல்லாத மூச்சு. அவர் சோதிக்கிறவர் அல்லவா? அலமாரியிலிருந்த எல்லாச் சிடிகளையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஒரே ஆள். வெறும் காலோடு, சிமெண்டுத் தரையில், அவசரமே இல்லாமல் நடக்கிற ஒரே ஆள். முதல் நாள் அந்தக் காலடி கூடத்தின் கோடியில் கேட்டது. இப்போது வாசிக்கிறவர்களைத் தாண்டி வந்துவிட்டிருந்தது.

*

குக்கர் விசில் அவருக்குக் கேட்காமல் போனது அதே வாரம்தான். கருகிய வாடை வந்த பிறகு எழுந்து போனார். அலுவலகத்தில் போனை எடுத்து, “சத்தமாப் பேசுங்க” என்று எதிராளியை நாலு தடவை கேட்டார். அடுத்த மேசைக்காரர், “கத்துறது எனக்கே இங்க கேக்குது சார், போன வெச்சுட்டு சன்னலத் தொறங்க” என்றார். எல்லாரும் சிரித்தது தெரிந்தது. சிரிப்பு கேட்கவில்லை.

காது டாக்டர் அவரைக் கண்ணாடிச் சன்னல் வைத்த சின்ன அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்தார். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். வலதுக்கு வெகுநேரம் எடுத்தது. அமுக்கியது கொஞ்சம்தான். பிறகு இடது. சும்மா பேருக்குப் பார்ப்பது. கணக்கர் கண்ணை மூடிக்கொண்டார். அமுக்கினார். கொஞ்சம் கழித்து மறுபடியும். மறுபடியும்.

கதவு திறந்தது. டாக்டர் வலது பக்கமாக வந்து குனிந்து, உரக்கச் சொன்னார்: “நான் இன்னும் சத்தமே குடுக்கலையே. எதுக்கு அமுக்குறீங்க?”

கணக்கர் டாக்டரையே பார்த்தார்.

“இடது காதுல அமுக்குன்னு சொன்னீங்களே” என்றார்.

டாக்டர் ஹெட்போனைத் தாமே கழற்றி, ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டே, வலது காது எதிர்பார்த்ததைவிட வேகமாக இறங்கியிருப்பதாகவும், சத்தமான இடத்தில் இருக்கிறாரா என்றும் கேட்டார். இல்லை என்றார் கணக்கர். வெளியே வந்ததும் சாலையில் பஸ்கள் பஞ்சில் ஓடின.

“அந்தச் சனியன மொதல்ல தூக்கி வெளிய போடுங்க” என்றாள் மனைவி அன்று மாலை. ஊசிகளை எடுத்துவிட்டு, வலது காதோடு வாயை வைத்துச் சொன்னாள். “அது வந்தப்புறம்தான் இது எறங்குது. எனக்குப் படிப்பில்லைன்னு வெச்சுக்குங்க. கண்ணு இருக்கு.”

அவருக்கும் கண் இருந்தது. மனைவி சொல்வதற்கு முன்பே அவர் அதைக் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டார். வலது காது எப்படியும் போகப்போகிறது. டாக்டரே சொன்னதுதான். போவது சும்மா போவதைவிட, இடதுக்காவது போகட்டுமே? அந்தப் பெட்டிக்கு வலதில் கொடுத்தால் இடதில் வருகிறது. பெட்டியை அணைத்த பிறகும் இப்போதெல்லாம் இடதில் ஏதோ இருந்தது. கதவுக்கு அந்தப்பக்கம் ஆள் நிற்கும்போது தெரியுமே, அதைப்போல. இன்னும் கொஞ்சம் கேட்டால் அந்தக் கதவும் திறந்துவிடும். ஒரு காது முழுதாகத் திரும்பிவிடும். அவளுடைய குரலை, ஊசிகளோடு சேர்த்து, சாகும்வரை கேட்கலாம். வேண்டியது அது ஒன்றுதான். சிடிகளெல்லாம் வெறும் சாக்கு.

எனவே அவர் அவளிடம், இனி போடமாட்டேன், விற்க ஆள் பார்க்கிறேன் என்று சொல்லி ஒயரைக் கழற்றிப் போட்டுவிட்டு, அவள் கடைத்தெருவுக்குப் போகிற நேரம் பார்த்துக் கேட்டார். வலதில் சங்கீதம் தண்ணீருக்கடியில் கிடந்தது. இடதில் அந்தக் காலடி. ஸ்பீக்கர்களையும் தாண்டிவிட்டது. அறைக்குள் இருந்தது. ஒவ்வொரு நாளும் ஓர் அடி. நின்று கேட்கும். இன்னோர் அடி.

பிறகு ஒருநாள் காலடி கேட்கவில்லை. நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில், செய்தித்தாள் மட்டுமே நுழையும் அந்த இடத்தில், மூச்சு மட்டும் கேட்டது.

*

ஞாயிற்றுக்கிழமை மதியம் மழை பெய்தது. மழை அவருக்குத் தெரிந்தது சன்னல் கண்ணாடியில் மட்டும்தான். கட்டிலில் கண்ணயர்ந்தவர், தையல் மிஷின் ஓடுகிற சத்தத்தில் விழித்தார்.

படுத்தபடியே கேட்டார். மிதிக்கிற தடதடப்பு, துணியின் திருப்பத்தில் வேகம் குறைவது, நூல் அறுக்கும் முன் ஒரு நொடி நின்று, மறுபடி தொடங்குவது. துல்லியமாக. இடது காதில். பிளேயரின் ஒயர் சுவரிலிருந்து கழன்று கிடந்தது. பெட்டி அணைந்துதான் இருந்தது. பெட்டி இல்லாமலே கேட்கிறது! அவர் சிறுபிள்ளைபோல எழுந்து, செருப்பைக்கூடப் போடாமல், “கேக்குதும்மா, மிஷின் கேக்குது” என்று சொல்லிக்கொண்டே முன்னறைக்கு ஓடினார்.

தையல் மிஷின்மேல் உறை போட்டு மூடியிருந்தது.

சன்னல் சாத்தியிருந்தது. முக்காலி உள்ளே தள்ளியிருந்தது. தைத்த துணிகள் மடித்து வைத்தபடி இருந்தன. மழையின் சாம்பல் வெளிச்சம் தரையில் கிடந்தது. யாரும் இல்லை.

தடதடப்பு நிற்கவில்லை.

அவர் உறைமேல் கையை வைத்தார். மிஷின் குளிர்ந்திருந்தது. அசைவே இல்லை. இடது காதில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு திருப்பம். வேகம் குறைந்தது. நின்றது.

“ம்ம்…”

ஊசிகளைக் கவ்வியபடி அவள் சொல்லும் ம்ம்.

“என்… னங்க.”

அவள் குரல்தான். ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்போல. சொல்லை முதலில் வாய்க்குள் போட்டுப் பார்த்து, பிறகு வெளியே விடுவதுபோல.

“என்னங்க. என்னங்க. என்னங்க.”

ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சரியாக.

வாசல் கதவு திறந்தது. மனைவி நனைந்த குடையை மடக்கிக்கொண்டு, கையில் பையோடு உள்ளே வந்தாள். அவரைப் பார்த்ததும் அவள் உதடுகள் அசைந்தன. அந்தக் குரல் எங்கோ வலப்பக்கத் தொலைவிலிருந்து, கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல வந்தது. பையைக் கீழே போட்டுவிட்டு அவர் இரண்டு கையையும் பிடித்தாள்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவளுக்குத் தெரியாமல் கேட்டதையும் சேர்த்து. அவள் சண்டை போடவில்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

மறுநாள் காலை பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டு, “காசு ஒண்ணும் வேண்டாம், எடுத்துட்டுப் போனாப் போதும். ஒடைச்சுப் போட்டுருங்க. யாருக்கும் விக்காதீங்க” என்றாள். இரும்புக்காரரின் தள்ளுவண்டியில் அந்தப் பெட்டி தெருமுனை திரும்பும்வரை இருவரும் வாசலில் நின்றார்கள்.

அன்று முழுவதும் இடது காதில் ஒன்றுமில்லை. பழைய கல். கணக்கர் அந்தக் கல்லை அதற்குமுன் அவ்வளவு நேசித்ததில்லை.

மாலையில் அவள் அவருக்கு வலப்பக்கமாக உட்கார்ந்து, காதோடு வாயை வைத்துப் பேசினாள். குடிவந்த புதிதில் தண்ணீர்க் குழாயடியில் யாரோடு சண்டை போட்டாள் என்பதிலிருந்து, யாருடைய சட்டையை அளவு குறைத்துத் தைத்துவிட்டு அவர்தான் குண்டாகிவிட்டார் என்று சாதித்தாள் என்பதுவரை. சொன்னதையே சொன்னாள். அவரும் புதிதாகக் கேட்பதுபோலவே கேட்டார். நடுநடுவே தொண்டை வறண்டு தண்ணீர் குடித்துவிட்டுப் பேசினாள். பிறகு சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து, “இது என்ன?” என்று கேட்கும் விளையாட்டு.

“சோ… சோறு?”

அவள் தலையை ஆட்டி, மறுபடி அசைத்தாள்.

“சோம்பேறி!”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “பாஸாயிட்டீங்க. இனிமே ஊசிய எடுத்துட்டுத்தான் பேசணும் போல” என்று வலது காதில் சொன்னாள். அவள் பேசி அவர் கேட்ட கடைசி வாக்கியம் அதுதான்.

*

காலையில் விழித்தபோது வலது காது போயிருந்தது.

அவர் கையைத் தட்டிப் பார்த்தார். உள்ளங்கை எரிந்தது. கட்டில் சட்டத்தை நகத்தால் சுரண்டினார். தொண்டையைச் செருமினார், அதிர்வு மட்டும் நெஞ்சில் தெரிந்தது. ஒரு நாள் வரும் என்று தெரிந்ததுதான். வந்துவிட்டது. அழுகை வரவில்லை. அவளிடம் சொல்லவேண்டும். அவள் முகத்தைப் பார்த்தால் போதும். விளையாட்டைத் தொடரவேண்டியதுதான்.

முன்னறை முழுக்க வெயில். சன்னல் வழியாக வந்த வெளிச்சத்தில் நூல்தூசுகள் மிதந்தன. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு, மேசைமேல் ஒரு துணியை விரித்து வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் வாயைத் திறந்து மூடியது. சத்தமில்லை. அவர் அறையின் நடுவில் நின்று அவளைக் கூப்பிட்டார். கூப்பிட்டதாக நினைத்தார்.

அவள் திரும்பினாள். சிரித்தாள்.

சிரிப்பு அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் நகர்ந்தன. அவர் முகத்திலிருந்து அவருடைய இடது தோளுக்கு. தோளிலிருந்து கொஞ்சம் மேலே.

கத்தரிக்கோல் அவள் கையிலிருந்து தரையில் விழுந்தது. சத்தமில்லை.

அவள் வாயில் ஊசிகள் இல்லை. உதடுகள் மெல்ல, அவருக்குப் புரியவேண்டும் என்பதற்காக ஒவ்வொரு எழுத்தாக, அசைந்தன. அவர் படித்தார்.

யா. ரு. அ. து.

“யாருமில்லைங்க” என்றது இடது காதில் அவளுடைய குரல். தடுமாற்றம் இல்லை. எழுத்துக்கூட்டல் இல்லை. நேற்று மாலை முழுவதும் அதுவும் பக்கத்திலிருந்து கேட்டுப் பழகிய, வறண்டு நனைந்த அதே குரல். “நான்தான்.”

எதிரே அவள் தலையை ஆட்டினாள். இல்லை. இல்லை. உதடுகள் இப்போது வேகமாக அசைந்தன. அவரால் தொடர முடியவில்லை. அவரை நோக்கி ஒரு கையை நீட்டினாள். கால் மட்டும் பின்னால் போனது. ஓர் அடி. இன்னோர் அடி. முதுகு சன்னலில் முட்டியது.

“அவளப் பாக்காதீங்க” என்றது குரல், ஆசையாக. “அவளுக்கு இனிமே குரல் கிடையாது. என்கிட்டதான் இருக்கு.”

இடது காது மடலில் மூச்சு. சூடு இல்லை.

அவர் நகர நினைத்தார். கால் நகரவில்லை.

“இந்தப் பக்கம் திரும்புங்க.”

தாடையின் இடது ஓரத்தில் ஒரு விரல் வந்து அமர்ந்தது. கூச்சப்படும் குழந்தையின் முகத்தைத் திருப்புவதுபோல, அவசரமே இல்லாமல், தள்ளியது.

சன்னல் வெயிலில் மனைவியின் வாய் முழுதாகத் திறந்தது. கழுத்து நரம்புகள் புடைத்தன. சத்தமில்லை.

கணக்கரின் முகம் திரும்பத் தொடங்கியது.